பின் சக்கரமும் மட்கார்டும்: உப்புக்காற்றில் ஓடும் புல்லட்டுக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்ரயில் திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று நின்று நின்று வந்து, பொன்னேரிக்கு முந்தி நிற்கும் இடம் அனுப்பம்பட்டு. இந்தத் தடத்தில் இருக்கும் திருவொற்றியூரில்தான் நம் நாட்டுப் புல்லட் வளர்ந்தது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ரெட்டிச்சில் தொழிற்சாலையை மூடிய பிறகும் திருவொற்றியூரிலிருந்து புல்லட் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டிகளை வாங்கிப் பிரித்து, தன் மனசுக்குப் பிடித்த மாதிரி மறுபடி கட்ட ஆசைப்படுகிறவர்கள் அனுப்பம்பட்டுப் பக்கத்திலும் உண்டு. இந்தப் பட்டியல் அவர்களுக்கு. மீன் பெட்டி கட்டிக்கொண்டு பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிச் சந்தைக்கு வரும் எக்ஸ்எல் வண்டிக்காரர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் உதவும்.

கஸ்டம் வண்டி என்றாலே எல்லார் கண்ணும் டேங்க்கிலும் ஹேண்டில்பாரிலும் போய் நிற்கிறது. ஆனால் ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர், சரக்கு என்று மொத்த பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது பின் சக்கரம். எஞ்சின் இழுப்பதும் அதைத்தான். அதற்கு மேல் சில விரற்கடை உயரத்தில் ஒரு இரும்புத் தகடு நிற்கிறது. அந்தத் தகடு ஓட்டத்தில் டயரைத் தொட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அல்லது டியூப் கிழியும். அதனால் வரிசையை மாற்றவே கூடாது. முதலில் சக்கரம், பிறகு செயின், பிறகு பிரேக், கடைசியில் மட்கார்டு. சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை வண்டியின் நேர்கோடு முடிவு செய்யும், மட்கார்டு அதற்கு வளைந்து கொடுக்கும். மட்கார்டு பார்க்க அழகாக உட்கார வேண்டும் என்று சக்கரத்தைக் கால் அங்குலம் தள்ளி வைத்த வண்டிகள் நேராக ஓடுவதே இல்லை.

பிரிக்கும்போது

செய்யுங்கள்: ஸ்பிண்டிலிலிருந்து கழற்றும் ஒவ்வொரு ஸ்பேசரையும் வாஷரையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள். வலப்பக்கம் எது, இடப்பக்கம் எது என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். போனில் படம் எடுத்தால் மட்டும் போதாது. இரண்டு மாதம் கழித்து அந்தப் படத்தைப் பார்த்தால் எது எந்தப் பக்கம் என்று பிடிபடாது.

செய்யுங்கள்: வண்டியைச் சமதரையில் செங்குத்தாக நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் எடுக்கும் அளவு எதையும் நம்ப முடியாது.

செய்யாதீர்கள்: பெயின்ட் அடித்த மட்கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பொருத்த ஆரம்பிக்காதீர்கள். இரும்பு வெள்ளையாக இருக்கும்போதே எல்லாத் துளையையும் போட்டு, எல்லா வெல்டிங்கையும் முடித்து, வண்டியை ஒருமுறை முழுக்கப் பூட்டிப் பார்த்து, மறுபடி பிரித்த பிறகுதான் பெயின்ட். உப்புக்காற்று வீசும் இந்தப் பக்கத்தில் இது கட்டாயம். பெயின்ட் அடித்த பிறகு போடும் ஒவ்வொரு துளையும் உப்பு உள்ளே நுழையத் திறந்துவிட்ட வாசல்.

சக்கரம்

செய்யுங்கள்: கோட்டம் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஸ்விங் ஆர்மில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் நுனி ரிம்மை உரசாமல் நிற்கும்படி வைத்து, மெதுவாகச் சுற்றுங்கள். பக்கவாட்டில் ஆடுவதும் மேலும் கீழும் ஏறி இறங்குவதும் 2 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஸ்போக்ஸை ஒரு சின்ன ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி கிண்ணென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்திருக்கிறது, அல்லது நிப்பிளுக்குள் துருவேறி அரைகுறையாகப் பிடித்திருக்கிறது.

செய்யுங்கள்: சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ரிம் வாங்கினால் டயர் மாட்டும் முன் உட்புறத்தைப் பாருங்கள். வெளியே குரோம் கண்ணாடி போல மின்னும், உள்ளே துரு செதில் செதிலாக எழும்பியிருக்கும். அந்தச் செதில் டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். உட்புறத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பிரைமர் அடித்து, காயவிட்டு, ரிம் டேப் போட்ட பிறகே டியூப். நிப்பிளைத் தாண்டி நீளும் ஸ்போக்ஸ் நுனிகளை அரத்தால் ராவி மழுக்கிவிடுங்கள்.

செய்யுங்கள்: கோட்டம் எடுக்கும்போதே ரிம் எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். டிரம்மும் ஸ்பிராக்கெட்டும் ஒரு பக்கமாக இருப்பதால், பின் ஹப்பின் நடுவும் ரிம்மின் நடுவும் ஒரே இடத்தில் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பழைய ரிம்மை வெட்டி எறிவதற்கு முன் அந்த ஆஃப்செட்டை அளந்து எழுதி வைக்காதவர்களுக்குப் பிறகு ஊகம்தான் துணை.

செய்யாதீர்கள்: பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறதே என்று கிடைத்த அகலமான டயரைப் போடாதீர்கள். பழைய 350 புல்லட்டில் முன்னும் பின்னும் 3.25-19 டயர்தான். குறுகின ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் பக்கச் சுவர் உள்ளே மடிந்து, மேல்புறம் உருண்டுவிடும். சாய்த்துத் திருப்பும்போது வண்டி தயங்கித் தயங்கிச் சாயும். அகல ரிம் போட்டால் டயர் செயினை நெருங்கும். காற்று முழுசாக அடித்த பிறகு செயினுக்கும் டயருக்கும் இடையில் சுண்டுவிரலாவது தாராளமாக நுழைய வேண்டும். காற்றில்லாத டயரை வைத்து அளந்தது அளவே ஆகாது.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் சுமை எண்ணையும் படியுங்கள். 54 என்றால் அந்த டயர் 212 கிலோ தாங்கும். ஓட்டுநர், பின்னால் ஒருவர், ஐஸ் நிறைந்த பெட்டி, வண்டியின் சொந்த எடையில் பின்பங்கு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த எண் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்று புரியும். டயரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் முன்னால் உருளும் திசை. அவசரத்தில் இதைத் தலைகீழாக மாட்டுவது அடிக்கடி நடக்கிறது.

செய்யாதீர்கள்: ஸ்பிண்டிலில் இடைவெளி மிஞ்சினால் வாஷர் மேல் வாஷராகப் போட்டு நிரப்பாதீர்கள். நாலு வாஷர் நாலு பக்கம் நசுங்கும், ஐந்நூறு கிலோமீட்டரில் நட்டு தளரும். லேத்தில் கொடுத்து ஒரே துண்டாக ஸ்பேசர் கடைந்து வாங்குங்கள், செலவு பெரிதாக இருக்காது. அதைவிட முக்கியமாக, இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஹப்புக்குள் இருக்கும் குழாய் ஸ்பேசர் விடுபட்டுப் போகாமல் பாருங்கள். அது இல்லாமல் ஸ்பிண்டில் நட்டை முடுக்கினால் பேரிங்கின் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, குண்டுகள் சூடேறித் தேயும். நட்டை முழு இறுக்கத்துக்கு முடுக்கிய பிறகும் சக்கரம் விரல் பட்டால் சுற்ற வேண்டும். இறுக்கினால் சக்கரம் கனக்கிறது என்றால் உள்ளே எதுவோ தவறான நீளத்தில் இருக்கிறது.

நேர்கோடு

இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சக்கரங்களின் நேர்கோடு பார்க்க மெல்லிய, முறுக்கில்லாத, இழுத்தால் விறைப்பாக நிற்கும் ஒரு நூல் வேண்டும். மீன்பிடிக்கும் நைலான் நரம்பான தங்கூசியை விட நல்ல நூல் எங்கே கிடைக்கும்? பழவேற்காட்டில் ஏதாவதொரு குப்பத்து வீட்டில் கேட்டாலே கிடைக்கும்.

செய்யுங்கள்: வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டாண்டின் கால்கள் குறுக்கே வராத உயரம் பார்த்து, தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாணில், பின் டயரின் பின்புறத்தைச் சுற்றித் தங்கூசியைப் போட்டு, இரண்டு முனைகளையும் வண்டியின் இரு பக்கமாக முன் சக்கரத்தைத் தாண்டி இழுங்கள். முனைகளை இரண்டு செங்கல்லில் கட்டினால் கை ஓய்வாக இருக்கும். பின் டயரின் முன்விளிம்பை நூல் தொட்டும் தொடாமலும் இருக்கும் வரை செங்கற்களை நகர்த்துங்கள். இப்போது முன் சக்கரத்தை நேராக்கிப் பாருங்கள். இரு டயரும் ஒரே அகலம் என்றால் முன் டயரின் இரு விளிம்பையும் நூல் அதே மாதிரி தொட்டும் தொடாமலும் போகும். பின் டயர் அகலமானது என்றால் முன் டயருக்கும் நூலுக்கும் நடுவில் இரு பக்கமும் ஒரே இடைவெளி விழும். அந்த இடைவெளி இரண்டு டயர் அகலங்களின் வித்தியாசத்தில் பாதி. ஒரு பக்கம் 12 மி.மீ., மறு பக்கம் 6 மி.மீ. என்று வந்தால் பின் சக்கரம் கோணலாகவோ பக்கம் தள்ளியோ நிற்கிறது.

செய்யுங்கள்: கோணலா, தள்ளலா என்று பிரித்தறியுங்கள். ஸ்விங் ஆர்ம் ஊசலாடும் முனையின் போல்ட்டு மையத்திலிருந்து ஸ்பிண்டில் மையம் வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லை என்றால் கோணல், செயின் அட்ஜஸ்டரில் சரியாகும். சமமாக இருந்தும் நூல் ஒத்துவரவில்லை என்றால் தள்ளல். அதை ஸ்பேசரிலோ ஸ்போக்ஸ் ஆஃப்செட்டிலோதான் சரி செய்ய முடியும்.

செய்யாதீர்கள்: நத்தை வடிவ அட்ஜஸ்டரில் இரு பக்கமும் ஒரே பல்லில் நிறுத்திவிட்டேன், அதனால் நேராக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். முப்பது நாற்பது வருஷ வண்டியில் அந்தப் பற்களும் அவை உட்காரும் முனைகளும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. எங்கேயோ விழுந்து, நிமிர்த்தப்பட்ட ஸ்விங் ஆர்ம் என்றால் கேட்கவே வேண்டாம்.

செயினும் பிரேக்கும்

செயினின் தொய்வு பற்றிக் கையேடு சொல்வதைக் கேளுங்கள். பழைய புல்லட்டுக்கு 25 முதல் 30 மி.மீ. என்பார்கள். ஷாக் உயரத்தை மாற்றிய கஸ்டம் வண்டியில் மட்டும் அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட்டு, ஸ்பிண்டில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிகவும் இறுகும். ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை அந்த உயரத்துக்குத் தூக்கி, அங்கே கொஞ்சம் தொய்வு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சினால் ஷாக்கைத் திரும்பப் பூட்டி, சாதாரண நிலையில் தொய்வு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கான எண் அதுதான்.

செய்யுங்கள்: ஸ்பிண்டில் நட்டை இறுதியாக முடுக்கும்போது பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் ஷூக்கள் டிரம்மின் நடுவில் தாமாகவே போய் உட்காரும். பிறகு பிரேக் தட்டை ஸ்விங் ஆர்மோடு பிடித்து நிறுத்தும் ஆங்கர் நட்டு.

செய்யாதீர்கள்: அந்த ஆங்கர் நட்டை மறக்காதீர்கள். இந்தப் பட்டியலில் வேறு பலவற்றை மறந்தால் வண்டி நின்றுபோகும், சத்தம் போடும், சீக்கிரம் தேயும். இதை மறந்தால் பிரேக் பிடித்த நொடியில் தட்டு முழுவதும் டிரம்மோடு சேர்ந்து சுற்றி, பிரேக் கம்பியை முறுக்கி, பின் சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். நட்டை முடுக்கிய பின், பூட்டும் வாஷரையோ பின்னையோ போட்டு, அதன் மேல் ஒரு கோடு பெயின்ட் இழுத்துவிடுங்கள். கோடு விலகினால் நட்டு நகர்ந்துவிட்டது என்று தினமும் பார்த்ததும் தெரியும்.

மட்கார்டு: இடைவெளி

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்கள் எடை குறைக்கத் தங்கள் வண்டிகளின் மட்கார்டைக் கத்தரித்தார்கள். அதிலிருந்துதான் பாபர் என்ற பாணி வந்தது. டயரை ஒட்டினாற்போல் உட்காரும் குட்டை மட்கார்டு அதன் அடையாளம். அவர்களில் பலர் கட்டியது பின்னால் ஷாக்கே இல்லாத வண்டிகளில். சக்கரம் மேலும் கீழும் ஏறாதபோது டயரோடு ஒட்டி மட்கார்டை வைக்கலாம். நம் புல்லட்டில் 1949-லிருந்தே பின்னால் ஸ்விங் ஆர்ம் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை மறந்து படத்தைப் பார்த்து வைத்தால், முதல் வேகத்தடையிலேயே டயர் தகட்டில் முட்டும்.

செய்யுங்கள்: மட்கார்டை எதில் பூட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஃபிரேமில் பூட்டினால் மட்கார்டு நிற்கும், சக்கரம் அதற்குள் ஏறி இறங்கும். அதனால் சக்கரம் ஏறும் தூரம் முழுவதையும் விட்டு, அதற்கு மேல் இடைவெளி வேண்டும். ஸ்விங் ஆர்மில் பூட்டினால் மட்கார்டும் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஒட்டி வைக்கலாம், பார்க்க அழகு. ஆனால் ரோட்டின் ஒவ்வொரு அதிர்வும் ஸ்பிரிங்கில் குறையாமல் நேரே தகட்டுக்கும் தாங்கிகளுக்கும் போகும், விரிசல் சீக்கிரம் வரும். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை தினமும் போய்வருகிற வண்டிக்கு ஃபிரேமில் பூட்டுவதே நல்லது என்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற வண்டி என்றால் உங்கள் இஷ்டம்.

செய்யுங்கள்: ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ரப்பர் தடுப்பில் முட்டும் வரை ஷாக்கை முழுசாக நெருக்கி, சக்கரம் போகக்கூடிய உச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். அந்த உச்சத்திலும் டயருக்கும் தகட்டுக்கும் நடுவில் 20 முதல் 25 மி.மீ. மிஞ்ச வேண்டும். ஓட்டத்தில் டயர் கொஞ்சம் வீங்கும், சேறு ஒட்டும், ரிம் சற்று ஆடும். இவை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கருவேல முள் காட்டுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் போகும் பாதைகளில் மழைக்காலத்துக் களிமண் டயரோடு ஒட்டிக்கொண்டே வரும். அந்தப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

செய்யுங்கள்: இடைவெளி எங்கும் ஒரே சீராக வர, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை டயரின் மேல் வளைத்துக் கட்டுங்கள். அதன் மேல் மட்கார்டை உட்கார வைத்து, சுற்றிலும் கயிறு போட்டு இறுக்கி, தாங்கிகளின் இடத்தைக் குறியுங்கள். ஸ்விங் ஆர்மில் பூட்டுவதானால் குழாயின் தடிமனே உங்கள் இடைவெளி. ஃபிரேமில் பூட்டுவதானால் சக்கரத்தை உச்சத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

செய்யாதீர்கள்: செயின் புதிதாக இருக்கும் நிலையை மட்டும் வைத்து மட்கார்டை நிறுத்தாதீர்கள். செயின் தேயத் தேய சக்கரம் பின்னால் நகரும். அட்ஜஸ்டரின் முன்கோடியில் ஒருமுறை, பின்கோடியில் ஒருமுறை நிறுத்தி இரண்டிலும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நடுநிலைக்கு மட்கார்டின் வளைவு ஒத்துவரும்படி வையுங்கள். பார்க்கச் சின்ன விஷயம். இதைக் கவனிக்காத வண்டிகளில் ஆறு மாதம் கழித்து முன்பக்க இடைவெளி விரிந்து, பின்பக்கத்தில் டயர் தகட்டை நெருங்கிவிடுகிறது.

செய்யுங்கள்: பூட்டி முடித்த பிறகு களிமண்ணால் ஒரு சோதனை. கட்டைவிரல் தடிமனில் மூன்று உருண்டை பிசைந்து, மட்கார்டின் உட்புறத்தில் முன், உச்சி, பின் என்று மூன்று இடத்தில் ஒட்டுங்கள். பின்னால் ஒரு ஆளை ஏற்றி, வழக்கமாகக் கட்டும் பெட்டியையும் கட்டி, மெதுவாக ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். திரும்பி வந்து உருண்டைகளைப் பாருங்கள். டயர் தொட்ட இடம் சப்பையாகி, மிச்சமிருக்கும் தடிமனே உண்மையான இடைவெளியைச் சொல்லும். தொடவே இல்லை என்றால் இன்னும் தடிமனான உருண்டையோடு மறுபடி பாருங்கள்.

மட்கார்டு: தகடும் தாங்கியும்

தகடு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. இருக்கட்டும். மேலே சீட்டு உட்காருமானால் 14 கேஜ், 2 மி.மீ. அதைவிட மெல்லிசாக இருந்தால் ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் போல்ட்டு துளையைச் சுற்றிக் கீறல் விடும்.

செய்யுங்கள்: ஒவ்வொரு போல்ட்டுக்கும் பின்னால் அகலமான ஒரு தகட்டுத் துண்டை வைத்து, நடுவில் ரப்பர் புஷ் கொடுங்கள். போல்ட்டின் தலை உள்ளே டயர் பக்கமும், நட்டு வெளியேயும் இருக்கட்டும். உருண்டை முகத் தலையாக இருப்பது நல்லது. நீளும் மரை முனை டயர் பக்கம் பார்த்து நின்றால், ஒருநாள் பாரத்தில் அது டயரை உழுதுவிடும்.

செய்யாதீர்கள்: கேரியரையோ ஐஸ் பெட்டித் தட்டையோ மட்கார்டின் மேல் பூட்டாதீர்கள். அந்தப் பாரம் ஃபிரேமுக்கும் ஷாக்கின் மேல்முனைக்கும் போக வேண்டும். ஐஸும் மீனும் நிறைந்த பெட்டி ஒரு ஆளின் எடைக்குக் கிட்ட வரும், அதுவும் குதித்துக் குதித்து. அதைத் தாங்க மட்கார்டு செய்யப்படவில்லை.

செய்யாதீர்கள்: ஃபிரேம் குழாயிலும் ஸ்விங் ஆர்மிலும் நேரடியாக வெல்டு வைக்காதீர்கள். பட்டை வைத்து, கிளாம்ப் போட்டு, போல்ட்டில் பிடியுங்கள். வெல்டு சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில்தான் பின்னால் குழாய் ஒடியும். மட்கார்டில் வெல்டு வைக்கும்போதும் முதலில் நாலைந்து இடத்தில் டாக் மட்டும் அடித்து, மறுபடி அளந்து, பிறகு ஒரு இடம் விட்டு ஒரு இடமாக முடியுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு கோணிக்கொள்ளும்.

வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்க் வண்டியில் இருக்கக் கூடாது, பேட்டரி வயர் கழன்றிருக்க வேண்டும், எர்த் கிளிப் வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்திருக்க வேண்டும். கிளிப்பை எங்கோ தூரத்தில் மாட்டினால் கரண்ட் சக்கர பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். கால்வனைஸ் தகட்டிலும் குரோம் பூச்சிலும் பூச்சைச் சுரண்டி எடுக்காமல் வெல்டு வைக்க வேண்டாம். அதன் புகை மார்பைப் பிடிக்கும், குரோம் புகை நஞ்சு.

பின்விளக்கு வயரை மட்கார்டின் உள்விளிம்பை ஒட்டி, உறைக்குள் போட்டு, கிளிப்பால் பிடித்துக் கொண்டுபோங்கள். துளை வழியாக வரும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள்.

சேலையும் சட்டமும்

மட்கார்டைக் குட்டையாக வெட்டுவதில் எனக்கு உள்ள பெரிய கவலை சேறு தெறிப்பது இல்லை. நம் ஊரில் பின்னால் உட்காரும் பெண்களில் பலர் இடப்பக்கம் கால் போட்டு, ஒருபக்கமாக உட்காருகிறார்கள். புல்லட்டில் செயினும் ஸ்பிராக்கெட்டும் அதே இடப்பக்கம். சேலைத் தலைப்பு, துப்பட்டா, புர்காவின் நுனி எது தொங்கினாலும் அது நேரே ஸ்போக்ஸையும் செயினையும் நோக்கித்தான் போகும். மாட்டினால் துணி இழுத்த இழுப்பில் ஆளே ரோட்டில் விழுகிறார், கழுத்தில் சுற்றிய துப்பட்டா என்றால் உயிரே போகும்.

செய்யுங்கள்: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-ஆம் விதியைப் படியுங்கள். பின்னிருக்கை உள்ள மோட்டார் சைக்கிளில் கைப்பிடி, கால்மிதி, அதோடு உட்காருகிறவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் ஒரு தடுப்பு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சேலை கார்டை அசிங்கம் என்று கழற்றி எறிகிறவர்கள் இதைத்தான் கழற்றுகிறார்கள். கம்பியை வளைத்து, வண்டியின் கோடுகளுக்கு ஒத்துப்போகிற மாதிரி நீங்களே அழகாக ஒன்று செய்யலாம். கஸ்டம் வேலைக்கு இதைவிட நல்ல இடம் ஏது? கம்பிகளின் இடைவெளி துணியின் மடிப்பு நுழையாத அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்யாதீர்கள்: ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதை மீறிப் போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மட்கார்டைத் தொடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின் எண் பலகை 200-க்கு 100 மி.மீ., அது நிமிர்ந்து நேராகத் தெரிய வேண்டும். பின்விளக்கும் பிரதிபலிப்பானும் பெட்டிக்கு அடியில் மறையக் கூடாது. பழவேற்காட்டு ரோடு விடிவதற்கு முன்பே மீன் எடுக்கப் போகிற ரோடு.

உப்பு

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆற்று வெள்ளம் கலக்கும்போது பழவேற்காடு ஏரியில் உப்பு வெகுவாகக் குறையும். கோடையில் முகத்துவாரம் மண்மூடி, நீர் வற்றும்போது கடலை விடவும் ஏறிவிடும். காற்றில் வரும் உப்பு ஒருபக்கம், பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர் இன்னொருபக்கம். இந்த இரண்டும் வந்து சேரும் இடம் பின் சக்கரமும் மட்கார்டின் உட்புறமும்தான்.

செய்யுங்கள்: மட்கார்டின் உட்புறத்துக்கு வெளிப்புறத்தை விட அதிகக் கவனம் கொடுங்கள். பிரைமர் இரண்டு கோட், அதற்கு மேல் அடித்தளக் கறுப்புப் பூச்சு. விளிம்பை உள்ளே மடித்திருந்தால் அந்த மடிப்பின் தாழ்ந்த இடங்களில் 5 மி.மீ. வடிகால் துளை போடுங்கள். அந்த மடிப்பில் தங்கும் உப்புச் சேறு உள்ளிருந்து தின்றுகொண்டே வரும், வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது தகடு ஏற்கெனவே போயிருக்கும்.

செய்யுங்கள்: பெட்டியின் அடியில் ஒரு குழாய் வைத்து, சொட்டும் தண்ணீரைச் சக்கரத்துக்குப் பின்னால், தரையை நோக்கி விடுங்கள். ரோட்டில் பின்னால் வருகிறவர்மேல் தெறிக்காத உயரத்தில் அது முடிய வேண்டும். டயரின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மீன் தண்ணீர் விழுந்தால் திருப்பத்தில் வழுக்கும்.

செய்யாதீர்கள்: ஸ்டெயின்லெஸ் போல்ட்டு துருப்பிடிக்காது என்று அலுமினிய ஹப்பில் அப்படியே முடுக்காதீர்கள். உப்புத் தண்ணீர் பட்டால் அந்த இணைப்பில் அலுமினியம் அரிக்கப்படும், ஒரு வருஷத்தில் போல்ட்டு வெளியே வராது. மரையில் கிரீஸ் தடவியே பூட்டுங்கள். ஸ்பிண்டில் முழுவதற்கும் அதேதான். காய்ந்த ஸ்பிண்டில் ஹப்பில் பிடித்துக்கொண்டால் சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

செய்யாதீர்கள்: கடலோரக் கிணற்று உப்புத் தண்ணீரில் வண்டியைக் கழுவிவிட்டு, கழுவியாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். குடிக்கும் தண்ணீரில் ஒரு குடம் போதும். ஸ்போக்ஸ் நிப்பிள்களிலும் மட்கார்டின் உள்ளேயும் அன்று சாயங்காலமே ஊற்றி, துணியால் ஒற்றி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். நாளைக்கு என்று விட்டால் உப்பு காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டிய பிறகு

முதல் ஐம்பது கிலோமீட்டரில் ஒருமுறை, ஐந்நூறில் ஒருமுறை எல்லா நட்டையும் ஸ்போக்ஸையும் மறுபடி பாருங்கள். புதிதாகக் கட்டிய சக்கரத்தில் கம்பிகள் உட்கார்ந்து தளர்வது இயல்பு. மட்கார்டில் கீறல் தெரிந்தால் அதன் நுனியில் 3 மி.மீ. துளை போட்டால் மேலே ஓடாது. ஆனால் கீறல் வந்ததற்குக் காரணமான தாங்கியைச் சரி செய்த பிறகே வெல்டு வையுங்கள். இல்லாவிட்டால் வெல்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வரும்.

வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு எடுக்கும் முன் இன்னொன்று. மட்கார்டையும் சேலை கார்டையும் கழற்றாமல், வண்டியோடு போகும் டூல் பையில் இருப்பதை மட்டும் வைத்து, பின் சக்கரத்தைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் வண்டியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் சக்கரம் வெளியே வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் மட்கார்டின் பின்பகுதியை இரண்டு போல்ட்டில் தனியே கழலும்படி செய்யுங்கள். பழவேற்காட்டு ரோட்டில் பஞ்சர் ஆகி, பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்போது வெல்டரைத் தேடிப் போக முடியாது.